பார்க்கத் தந்தது, வைத்துக்கொள்ளத் தந்ததல்ல

2013 மே மாதத்தில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இயங்கிய டிசைஃபர் ஃபாரன்சிக்ஸ் என்ற தடயவியல் நிறுவனத்தின் ஆய்வாளர் ரிச்சர்ட் ஹிக்மன், ஆண்ட்ராய்டு கைபேசியின் நினைவகத்தை ஆராய்ந்து ஒரு செய்தியை வெளியிட்டார். ஸ்னாப்சாட் செயலியில் வந்து சில நொடிகளில் மறைந்துவிட்டதாக நம்பப்பட்ட படங்கள் அந்தக் கைபேசியிலேயே ஒரு கோப்புறையில் இருந்தன. கோப்புப் பெயரின் கடைசியில் ‘நோமீடியா’ என்ற ஒட்டு மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. கேலரி அந்தக் கோப்புகளைக் காட்டாமல் கடந்துபோக அது போதும். சரியாக ஓராண்டு கழித்து, 2014 மே 8 அன்று, அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் ஸ்னாப்சாட் பயனாளர்களிடம் பொய்யான உறுதி கொடுத்தது என்று குற்றஞ்சாட்டி, அந்நிறுவனத்துடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. படங்களைச் சேமித்துத்தரும் பிறரது செயலிகள் பல இலட்சம் முறை தரவிறக்கப்பட்டிருந்தன. காணொளிகள் மறையாக்கம் செய்யப்படாமல் கிடந்ததால், கைபேசியைக் கணினியில் இணைத்தாலே அவற்றை எடுத்துவிட முடிந்தது. அடுத்த 20 ஆண்டுகளுக்கு வெளியார் ஒருவர் நிறுவனத்தின் தனியுரிமைத் திட்டத்தைக் கண்காணிப்பார் என்பது உடன்பாட்டின் நிபந்தனை. இவ்வளவு வெளிப்படையாகத் தோற்ற ஒரு யோசனை அத்தோடு கைவிடப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நடந்தது வேறு. டெலிகிராம் 2021 டிசம்பரில் குழுக்களிலும் சேனல்களிலும் சேமிப்பதைத் தடுக்கும் வசதியைத் தந்தது. வாட்ஸ்அப் 2021-இல் ஒருமுறை மட்டும் பார்க்கும் படங்களைக் கொண்டுவந்து, மறு ஆண்டு அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதற்கும் தடை அறிவித்தது. முழுமையாகத் தடுக்கவே முடியாத ஒன்றை இத்தனை செயலிகள் ஏன் தடுக்க முனைகின்றன?

முழுமையாகத் தடுக்க முடியாது என்பதற்குக் காரணம் எளிது. ஒரு படம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் அது திரையில் ஒளியாக வந்தே தீர வேண்டும். ஒளியாக வந்ததை இன்னொரு கேமரா பிடித்துவிடும். அதற்கு முந்தைய கட்டங்களில்தான் செயலிக்கு ஓரளவு பிடி உண்டு. சேவையகத்தில் உள்ள பிரதியை அழிக்கலாம், கைபேசியில் இறங்கும் கோப்பைக் கேலரிக்குப் போகவிடாமல் செயலியின் தனி அறைக்குள் வைக்கலாம், ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கலாம். ஆண்ட்ராய்டில் ஒரு சாளரத்தைப் பாதுகாப்பானது என்று செயலி குறித்துவிட்டால், இயங்குதளமே ஸ்கிரீன்ஷாட்டை மறுக்கும், அல்லது கறுப்புத் திரையைத் தரும். வங்கிச் செயலிகள் பயன்படுத்துவதும் இதே குறியைத்தான். ஐபோனில், படம் எடுக்கப்பட்ட பிறகுதான் செயலிக்குத் தகவல் வருகிறது. முன்கூட்டியே தடுப்பதற்கென ஆப்பிள் நேர்வழி எதையும் தராததால், செயலி எழுதுபவர்கள் சுற்றுவழிகளை நாடுகிறார்கள். இந்த ஏற்பாடுகள் எல்லாமே ஒரு நிபந்தனையின் பேரில் நிற்கின்றன: பெறுபவரின் கைபேசியில் ஓடும் செயலி, அனுப்பியவரின் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். 2024 செப்டம்பரில் ஜென்கோ நிறுவனத்தின் தால் பெய்ரி குழுவினர் வாட்ஸ்அப்பில் கண்டறிந்தது இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ‘ஒருமுறை மட்டும்’ என்ற படம், அதைக் காட்டக் கூடாத இணையப் பதிப்புக்கும் சேர்த்தே அனுப்பப்பட்டுவந்தது. கூடவே ‘இது ஒருமுறைக்குரியது’ என்ற குறி ஒன்று போனது, அவ்வளவே. அந்தக் குறியைப் பொருட்படுத்தாத ஒரு நிரலுக்கு அது சாதாரணப் படம்தான்.

ஆக, வேண்டுமென்றே படத்தைக் கைப்பற்ற நினைப்பவரை எதிர்த்துக் கட்டப்பட்ட சுவர் என்று இதைக் கொண்டால், இது தோற்றுப்போன சுவர். நான் சொல்ல வருவது, இது அதற்காகக் கட்டப்பட்டதே அல்ல என்பது. சிக்னல் செயலி 2016 அக்டோபரில் மறையும் செய்திகளை அறிமுகப்படுத்தியபோது, அதன் நிறுவனர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். உரையாடலில் உள்ள அனைவரும் பழைய பேச்சைத் தானாகத் துப்புரவாக்கிக்கொள்ள விரும்பும் இடத்துக்கே இந்த வசதி, எதிரில் இருப்பவரே பகைவராக இருக்கும் இடத்துக்கு அல்ல, இன்னொரு கேமராவால் திரையைப் படமெடுப்பதை யாராலும் தடுக்க முடியாது என்பது அவர் எழுதியதன் சாரம். அப்படியானால் சேமிப்புத் தடை எதற்கு எதிரானது? பகைமைக்கு அல்ல, பழக்கத்துக்கு. கைபேசிகள் எதையும் கேட்காமலே சேமிக்கப் பழகிவிட்டன. அந்தப் பழக்கத்தை அறுப்பதுதான் தடையின் வேலை.

ஒரு நகல் எப்படிப் பெருகுகிறது என்று பின்தொடர்ந்து பார்த்தால் இது விளங்கும். வாட்ஸ்அப்பில் வரும் சாதாரணப் படம், தானியங்கித் தரவிறக்கம் இயங்கும் கைபேசியில், பெறுபவர் திறந்து பார்ப்பதற்கு முன்பே நினைவகத்துக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து கேலரிக்கு வருகிறது. மேகச் சேமிப்பு இயங்கினால் அன்றிரவே ஒரு பிரதி தொலைதூரத் தரவு மையத்துக்குப் போகிறது. அதே கணக்கு திறந்திருக்கும் டேப்லெட்டிலும் வீட்டுக் கணினியிலும் அது தெரிகிறது. கைபேசியை வாங்கி விளையாடும் குழந்தை அதைப் பார்க்கிறது. திரை உடைந்து பழுதுபார்க்கக் கொடுத்தால் கடைக்காரர் கைக்கும் போகிறது. மூன்றாண்டு கழித்து ‘இந்த நாளின் நினைவுகள்’ என்று கைபேசியே அதை எடுத்து முன்னால் வைக்கிறது. இந்தத் தொடரில் ஒருவர்கூடத் தீங்கு நினைக்கவில்லை. பெறுபவர் ‘இதை வைத்துக்கொள்கிறேன்’ என்று முடிவெடுத்ததுகூட இல்லை. யாரும் எடுக்காத முடிவின் விளைவாக ஒருவருடைய அந்தரங்கப் படம் ஐந்து இடங்களில் இருக்கிறது. எந்திரம் தானாகப் பிரதியெடுக்கும் இந்தப் போக்கு மேலும் வலுத்துத்தான் வருகிறது. திரையில் தெரிவதைச் சில நொடிகளுக்கு ஒருமுறை படமெடுத்து வைக்கும் ‘ரீகால்’ என்ற வசதியை மைக்ரோசாஃப்ட் 2024-இல் விண்டோஸுக்கு அறிவித்தது. அதற்கு எதிராகச் சிக்னல் 2025 மே மாதத்தில் தன் கணினிச் செயலியில் திரைப் பாதுகாப்பை இயல்புநிலையாகவே இயக்கிவிட்டது. அங்கே தடுக்கப்பட்டது நண்பரின் கை அல்ல, நண்பருக்கே தெரியாமல் பதிவுசெய்யும் கணினி.

ஆஸ்திரியரான விக்டர் மேயர்-ஷோன்பெர்கர் 2009-இல் வெளியிட்ட ‘டிலீட்’ என்ற நூல் இந்தப் பிரச்சினையை வரலாற்றோடு சேர்த்துப் பேசுகிறது. மனித வரலாறு முழுவதும் மறப்பது இயல்பாகவும் நினைவில் வைப்பது முயற்சியாகவும் இருந்தன; எண்ணிமத் தொழில்நுட்பம் இதைத் தலைகீழாக்கி, சேமிப்பை இயல்பாகவும் அழிப்பதை முயற்சியாகவும் ஆக்கிவிட்டது என்பது அவருடைய வாதம். தகவலுக்குக் காலாவதித் தேதி வேண்டும் என்று அவர் அந்நூலில் கேட்டார். இரண்டே ஆண்டில் அந்தக் கருத்துக்கு நெருக்கமான ஒரு செயலி வந்தது: ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் தொடங்கிய ஸ்னாப்சாட், ‘பிக்காபூ’ என்ற பெயரில் 2011 ஜூலையில் வெளியானது. திண்ணையில் பேசிய பேச்சு அங்கேயே கரைந்துவிடும், யாரும் அதை எழுத்தில் கொண்டுவந்து பத்தாண்டு கழித்து நீட்டமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் நம் முன்னோர் மனம்விட்டுப் பேசினார்கள். கைபேசி உரையாடல் பேச்சின் வேகத்தோடும் பத்திரத்தின் ஆயுளோடும் வந்தது. பேச்சின் வேகத்தில் வருவதற்குப் பேச்சின் ஆயுளே இருக்கட்டும் என்பதுதான் சேமிப்புத் தடையின் அடிப்படை. அது மாற்றுவது இயல்புநிலையை மட்டுமே. சேமிக்க விரும்புபவர் சேமிக்கலாம், ஆனால் அதற்காக அவர் ஒரு செயலைச் செய்தாக வேண்டும். அந்தச் செயல் அவருடைய முடிவாகவும், பல நேரங்களில் மற்றவருக்குத் தெரிந்த முடிவாகவும் இருக்கும்.

பயனாளர்களும் இதை இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. ஃபிரான்சிஸ்கா ரோஸ்னர், பிரயன் கில், டடயோஷி கோனோ ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்னாப்சாட் பயன்படுத்தும் வயதுவந்தோர் 127 பேரிடம் விவரம் கேட்டனர். பெரும்பாலோர் அதை அந்தரங்கப் படங்களுக்காக முதன்மையாகப் பயன்படுத்தவில்லை; வேடிக்கையான, அன்றாடமான, ஒருமுறை பார்த்துச் சிரித்துவிட்டு விடக்கூடிய படங்களையே அனுப்பினர். மறைந்த படத்தை மீட்க முடியும் என்பது பலருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் பயன்படுத்தினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் பேயர், நிக்கோல் எலிசன் முதலியோர் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு, ஸ்னாப்சாட் உரையாடல்கள் மற்ற சமூக ஊடக உரையாடல்களைவிட மகிழ்ச்சியோடு தொடர்புடையவை என்று கண்டது. நெருங்கியவர்களோடு சின்னச் சின்னத் தருணங்களைப் பகிர்வதற்கான இடமாகவே மாணவர்கள் அதைக் கண்டனர்; நேருக்கு நேர் பேசுவதோடு ஒப்பிட்டுச் சொன்னார்கள். அதே ஆய்வு, இந்த உரையாடல்களால் பெரிய மன ஆதரவு கிடைத்ததாகப் பயனாளர்கள் கருதவில்லை என்பதையும் பதிவுசெய்கிறது. ஆகவே மறையும் படம் உறவை ஆழமாக்குகிறது என்று நான் வாதிடவில்லை. பாதுகாப்புப் பெட்டகம் என்று நம்பி மக்கள் இதற்கு வரவில்லை, பதிவாகாத பேச்சை நாடியே வருகிறார்கள் என்பதற்கு மட்டுமே இந்தச் சான்றுகளை வைக்கிறேன்.

நகல் வைத்துக்கொள்ளும் அதிகாரம் யாருடையது என்ற கேள்விக்கு மிக நேரடியான விடையை, என் பார்வையில், வாட்ஸ்அப் 2023 ஏப்ரலில் கொண்டுவந்த ஒரு சிறிய வசதி தருகிறது. மறையும் செய்திகளில் முக்கியமான ஒன்றை, ஒரு முகவரியையோ குரல் பதிவையோ, காப்பாற்றி வைக்கப் பெறுபவர் விரும்பலாம். அவர் அப்படிச் செய்த உடனே அனுப்பியவருக்கு அறிவிப்பு போகும். அனுப்பியவர் வேண்டாம் என்றால் அவர் முடிவே இறுதி. செய்தி கெடு முடிந்ததும் மறைந்துவிடும். பார்ப்பதற்குக் கொடுத்த சம்மதம் ஒன்று, வைத்துக்கொள்வதற்கான சம்மதம் வேறொன்று; இரண்டாவதைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும் என்ற நெறி இங்கே ஒரு பொத்தானாக வடிவம் பெற்றிருக்கிறது. தகவலின் தனியுரிமை என்பது மறைத்து வைப்பதில் இல்லை, எந்தச் சூழலுக்கென்று தரப்பட்டதோ அந்தச் சூழலின் நெறிப்படி அது பயணிப்பதில் இருக்கிறது என்று தனியுரிமை அறிஞர் ஹெலன் நிசென்பாம் 2010-இல் எழுதினார். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மற்றவருக்குத் தெரிவிக்கும் ஸ்னாப்சாட்டின் வழி, எடுக்கவே விடாத வாட்ஸ்அப்பின் வழி, நேர்மையாக எச்சரித்து நிற்கும் சிக்னலின் வழி ஆகிய மூன்றும் அந்தச் சூழல் நெறியைக் காப்பதற்கான மூன்று முயற்சிகள். இவற்றில் அறிவிப்பு முறைக்குத் தனி வலிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். அது பெறுபவரின் கையைக் கட்டுவதில்லை, அவர் செய்ததற்கு அவரைப் பொறுப்பாக்குகிறது.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் முதன்மையானது, இந்தத் தடை பொய்யான துணிவைத் தருகிறது என்பது. இது வெறும் ஊகமல்ல. ரெட்டோ ஹோஃப்ஸ்டெட்டர், ரோலண்ட் ரூப்பெல், லெஸ்லி ஜான் ஆகியோர் 2017-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் வெளியிட்ட ஆய்வு, படம் சீக்கிரம் மறையும் என்று தெரிந்தவர்கள் கூடுதல் கட்டுப்பாடின்மையோடு தற்படம் எடுப்பதையும், பார்த்தவர்கள் மனத்தில் அதனால் உண்டான மோசமான எண்ணம் படத்தோடு மறையாமல் நிலைப்பதையும் காட்டியது. 2014 அக்டோபரில் இன்னும் கடுமையான பாடம் கிடைத்தது. ஸ்னாப்சாட் படங்களைச் சேமித்துத்தந்த பிறரது தளம் ஒன்று ஊடுருவப்பட்டு, ஏராளமான படங்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. அனுப்பியவர்கள் அந்தத் தளத்தின் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள். பெற்றவர்கள் அதைப் பயன்படுத்தியதே காரணம். இந்த வாதத்தின் கனத்தை நான் முழுவதும் ஏற்கிறேன். ஆனால் அது சுட்டும் குற்றம் தடையில் இல்லை, தடையைப் பற்றிச் சொல்லப்பட்ட சொல்லில் இருக்கிறது. வணிக ஆணையமும் 2014-இல் ஸ்னாப்சாட்டைப் படங்களை அழித்ததற்காகக் கண்டிக்கவில்லை, என்றென்றைக்கும் அழிந்துவிடும் என்று விளம்பரம் செய்ததற்காகவே கண்டித்தது. ‘இதைப் பெறுபவர் நினைத்தால் வைத்துக்கொள்ள முடியும்’ என்ற ஒரு வரி, அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு முறையும் தெரிய வேண்டும். வேறு எங்கோ உதவிப் பக்கத்தில் அதை எழுதிவைப்பது போதாது.

இரண்டாவது வாதத்தின் முன் என் நிலைப்பாடு அவ்வளவு திடமாக நிற்பதில்லை. மிரட்டுபவரும் தொல்லை தருபவரும் இதே வசதிக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு ஆபாசப் படத்தையோ மிரட்டலையோ ஒருமுறை மட்டும் பார்க்கும் வடிவில் அனுப்புபவர், சாட்சியம் இல்லாமல் குற்றம் செய்ய வழி பெறுகிறார். அவளால் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. எடுக்க முடிகிற செயலியில், எடுத்ததை அவனுக்கே செயலி சொல்லிவிடுகிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநில அரசு 2024 செப்டம்பரில் ஸ்னாப்சாட்டை நடத்தும் ஸ்னாப் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், குழந்தைகளைப் பாலியல் ரீதியாக மிரட்டிப் பணிய வைப்பவர்களுக்கு இந்த வடிவமைப்பே துணைபோகிறது என்பது குற்றச்சாட்டின் மையம். இங்கே ‘அனுப்பியவரின் உரிமை’ என்ற வாதம் செல்லாது. விரும்பிக் கேட்காத ஒருவர் மீது திணிக்கப்பட்ட படத்துக்கு நம்பிக்கையின் பாதுகாப்பு எதுவும் இல்லை. அங்கே உடைவதற்கு நம்பிக்கை என்ற ஒன்றே இல்லை. வாட்ஸ்அப்பில் ஒருமுறைக்குரிய படத்தைப் புகாரளித்தால் அது நிறுவனத்துக்குப் போய்ச்சேரும். அது பாதி வழிதான். புகாரளித்தவர் கையிலும், காவல்துறை கேட்டால் காட்டத்தக்க ஒரு முத்திரையிட்ட பிரதி இருக்க வேண்டும். முன்பின் தொடர்பில்லாத எண்ணிலிருந்து வரும் படத்துக்குச் சேமிப்புத் தடையே பொருந்தக் கூடாது. இரண்டையும் செய்வதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. செய்யாமல் இருப்பது நிறுவனங்களின் தேர்வு. அந்தத் தேர்வு தவறானது.

அதிகாரத்தில் இருப்பவர்கள் இந்த வசதிக்குள் புகுவது மூன்றாவது கவலை. 2023 மார்ச்சில், எபிக் நிறுவனம் தொடுத்த வழக்கில், கூகுள் தன் ஊழியர்களின் அரட்டைகளை 24 மணி நேரத்தில் தானாக அழியவிட்டு, பாதுகாக்க வேண்டிய சான்றுகளைப் பாதுகாக்கத் தவறியது என்று நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ தீர்ப்பளித்தார். 2025 மார்ச்சில், யேமன் மீதான தாக்குதல் பற்றி அமெரிக்க அமைச்சர்களும் அதிகாரிகளும் சிக்னல் குழுவில் பேசிக்கொண்டிருந்தபோது, ‘தி அட்லான்டிக்’ ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பர்க் அதில் தவறுதலாகச் சேர்க்கப்பட்டார். சில செய்திகள் ஒரு வாரத்திலும் சில நான்கு வாரங்களிலும் மறையுமாறு வைக்கப்பட்டிருந்தன. ஓர் அரசு போர் பற்றி எடுத்த முடிவு, அவர் எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட்டுகளால் பொதுமக்கள் முன் வந்தது. இந்த எடுத்துக்காட்டைக் காட்டி, பாருங்கள், சேமிப்பதே நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் இரண்டு வேறு மனிதர்களை ஒருவராக்கிவிடுகிறார்கள். தன் தோழிக்குப் படம் அனுப்பும் மாணவிக்கு எந்தப் பதிவேட்டுக்கும் கணக்கு ஒப்புவிக்கும் கடமை இல்லை. பொதுப்பணத்தில், பொது அதிகாரத்தில் முடிவெடுப்பவருக்கு அந்தக் கடமை உண்டு. பதிவுகளைக் காக்கச் சொல்லும் சட்டம் அவரைக் கட்டுப்படுத்த வேண்டும். அதற்காக அந்த மாணவியின் செயலியை மாற்ற வேண்டியதில்லை.

நிறுவனங்கள் இதையெல்லாம் அறத்துக்காகச் செய்கின்றன என்று எண்ணவும் வேண்டாம். மறையும் படம் பயனாளரை அடிக்கடி செயலிக்குத் திரும்ப வைக்கிறது. பார்க்காவிட்டால் போய்விடும் என்ற பதற்றம் வியாபாரத்துக்கு நல்லது. ஸ்னாப்சாட் 2016-இல் ‘மெமரீஸ்’ என்ற பெயரில் சொந்தப் படங்களைச் சேமித்துவைக்கும் வசதியைத் தந்தது. 2025-இல் 5 ஜிபிக்கு மேல் வைத்திருப்பவர்களிடம் கட்டணம் கேட்கப்போவதாக அறிவித்தது. மறதியை விற்றுத் தொடங்கிய நிறுவனம் இன்று நினைவையும் விற்கிறது. நோக்கம் வணிகம் என்பதால் அந்த ஏற்பாடு பயனாளருக்குத் தரும் பாதுகாப்பு பொய்யாகிவிடாது. ஆனால் அதைத் தொடர்ந்து காக்கும் பொறுப்பை நிறுவனத்தின் நல்லெண்ணத்திடம் விட்டுவிடவும் முடியாது. அந்தப் பொறுப்பு சட்டத்திடம்தான் இருக்க வேண்டும்.

இந்தியச் சட்டம் இந்த இடத்தில் பலரும் நினைப்பதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-சி என்று சேர்க்கப்பட்டு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவாக இருக்கும் விதியின் விளக்கம், ஒரு பெண் தன் அந்தரங்கப் படத்தை எடுக்கச் சம்மதித்திருந்தாலும், மூன்றாமவருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் அதைப் பரப்புவது குற்றம் என்கிறது. முதல்முறை குற்றத்துக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. மீண்டும் செய்தால் மூன்று முதல் ஏழாண்டு. ஒரு சம்மதம் இன்னொன்றாகாது என்பதைச் சட்டம் பரப்புதல் வரைக்கும் ஏற்றிருக்கிறது. மறையும்படி அனுப்பப்பட்டதைத் தந்திரமாகச் சேமித்து வைப்பதையும் அது ஏற்றுக்கொள்ளக் கூடாது. படத்தை வைத்து மிரட்டும் வழக்குகளில், அனுப்பியவர் சேமிப்புத் தடை போட்டிருந்தார் என்பதை அவருடைய மறுப்பின் சான்றாக நீதிமன்றங்கள் கொள்ள வேண்டும். அதுவரை, அப்படி யாராவது உங்களை மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள், படம் அனுப்பியது உங்கள் தவறு என்று எண்ணி வாய்மூடி இருக்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான இத்தகைய குற்றங்களை மத்திய அரசின் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம். படம் ஏற்கெனவே வெளியாகிவிட்டிருந்தால், பாதிக்கப்பட்டவர் புகார் செய்த 24 மணி நேரத்துக்குள் அதை நீக்க வேண்டும் என்று சமூக ஊடக நிறுவனங்களுக்கு 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் கெடு விதித்தன. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுங்கள்.